காந்தாவுக்குப் பிடித்த பாஸ்தா

கடாய் புகைகிற அளவுக்குக் காய வேண்டும். அப்போதுதான் இடித்த பூண்டும் பச்சைமிளகாயும் விழுந்த மாத்திரத்தில் வீடே தும்மும். கலையரசிக்கு அது கைவந்த வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் இரண்டு வருஷமாக தாய்லாந்து ஸ்டைல் பாஸ்தா போடுவது அவள்தான். சொல்லிக்கொடுத்த அசாம்கார மாஸ்டர் ஊருக்குப் போனவன் போனவன்தான். அதில் போட வேண்டிய தாய்லாந்துத் துளசி இலைக்கு எங்கே போவது? பெருமாள் கோயில் வாசலில் நம்மூர்த் துளசி வாங்கிப் போட்டாள். ஊர் அதற்குத்தான் மயங்கியது.

இன்றைக்கு ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு, ஐயம்பேட்டை வீட்டில் அதே பாஸ்தாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் திரிஷாவும் வசந்தும் ஒரே கம்பெனியில் வேலை; மூன்று வருஷப் பழக்கம். வசந்தின் அம்மா காந்தா தென்னேரியில் நிலபுலம் உள்ள வீட்டுக்காரி. அவள் முதல்முறையாகக் காலனிக்குள் கால் வைக்கச் சம்மதித்திருந்தாள். இங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் நடந்த மாதிரிதான். சாப்பிடாமல் எழுந்துவிட்டால்? கலையரசி கடாயை இன்னும் வேகமாகக் கிளறினாள்.

சோறு குழம்பு வைத்தால் காலனிச் சோறு என்று தொண்டையில் நிற்கும். பாஸ்தாவுக்கு ஏது சாதி? அப்படித்தான் நினைத்தாள் கலையரசி, பாவி. கறி இல்லை, முட்டை இல்லை. கடாய் புதுசு, தட்டு புதுசு.

காந்தா வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கலையரசி தண்ணீர் நீட்டியதும், பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பாஸ்தாத் தட்டு வந்தது.

"ஐயோ, எனக்கு ஞாயித்துக்கிழமை விரதம்மா. தப்பா எடுத்துக்காதே."

கலையரசி வசந்தைப் பார்த்தாள். திரிஷாவின் டிபன் பாக்ஸை தினம் வழித்துத் தின்கிறவன்! "காலைலயே ஹெவியா சாப்ட்டேன் ஆன்ட்டி" என்று அவன் போனைத் தடவினான். திரிஷா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் மூக்குக்கு விரதம் கிடையாதே! காந்தா மெல்ல மூச்சை இழுத்து முகர்ந்தாள்.

"பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு ஓட்டல் இருக்குதே, அங்க இதே வாசனைதான் வரும். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமைன்னா எங்க வூட்ல அதான்மா. இவன் பார்சல் வாங்கினு வந்தான்னா இவங்க அப்பாவுக்குக்கூட பங்கு குடுக்க மாட்டேன். எந்த ஊரு மாஸ்டரோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்!"

விரதம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கலையரசிக்கோ தலைகால் புரியவில்லை. சாமியே வழி காட்டிவிட்டது என்று நினைத்தாள்.

"மாஸ்டர்லாம் யாரும் இல்லம்மா! நான்தான் அங்க செய்யறேன்!"

காந்தாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீயா?"

"ரெண்டு வருசமா நான்தாம்மா. இதே கைதான்."

காந்தா எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டுவதற்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கார் போன பிறகும் கலையரசி தட்டோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா சொன்ன?" திரிஷா வெடித்தாள். "வாய மூடினு இருக்க மாட்டியா?"

"நான் என்னாடி திருடினேனா? சந்தோசத்துல சொல்லிட்டேன்." கலையரசிக்கு அழுகை முட்டியது, அதைவிட ஆத்திரம் முட்டியது. இரண்டையும் யார்மீது காட்டுவது?

ஒரு மணி நேரத்தில் வசந்திடமிருந்து மெசேஜ் வந்தது. திரிஷா வாய்விட்டுப் படித்தாள். 'அம்மாவுக்கு வர்ற வழியிலேயே மூணு தடவை வாந்தி. கல்யாணப் பேச்சே வேணாம்னு சொல்லிட்டாங்க. சாரி திரிஷா. என்னால ஒண்ணும் பண்ண முடியல.'

கலையரசி விழித்தாள். "நம்ம வூட்ல பச்சத் தண்ணியக்கூடத் தொடலையேடி. எதை வாந்தி எடுத்தாங்க?"

"ஆறு மாசமா தின்னதைம்மா" என்றாள் திரிஷா.