பாதி விழுந்த முத்திரை

1

இந்தக் கதை ஒரு மேசையின் அடிப்புறத்தில் கிடைத்தது. பாரீஸில் எங்கள் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் கஸ்பார் (அவனிடம் விலை கேட்டால் அரை நாள் போச்சு) பழைய எழுதுமேசை ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினான். அடியில் தச்சரின் பெயர் முத்திரை: வோக்லான். முதல் பாதி ஆழமாக விழுந்திருந்தது. மறுபாதி மரத்தைத் தொடவே இல்லை.

"அடிச்ச கை நடுங்கியிருக்குப்பா."

அன்று முதல் என் மதியத் தூக்கத்தில் மரத்தூள் வாசம்.

2

'தச்சர் வோக்லான் ஒரு மழைநாளில் உளியை எடுத்து—'

இல்லை. அவர் செத்துப்போய்விட்டார். [நான்கு முறை எழுப்பிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை.] மேசை அவர் மனைவி பெரின் செய்தது. மூடியில் பதித்த மரப்பூக்கள் அத்தனையும் அவள் அறுத்தவை. அந்தக் காலத் தச்சர் சங்க விதிப்படி, விதவை தன் புருஷன் முத்திரையைக் குத்திப் பட்டறை நடத்தலாம். சங்கத்தில் இல்லாதவனைக் கட்டிக்கொண்டால் முத்திரையும் போகும், பட்டறையும் போகும்.

(விதியை எழுதியவர்களில் விதவை யாரும் இல்லை.)

3

அவனைக் கதைக்குள் விடலாமா என்று ரொம்ப யோசித்தேன். ஓத்மார், ஜெர்மன்காரன், அவளிடம் கூலிக்குப் பசை காய்ச்சுபவன். சங்கம் அவனைச் சேர்க்காது. பெரினுக்கு அவன்மேல் ஆசை. எனக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று, அதுதான் தொல்லை.

பெரின் மேசையைக் கவிழ்த்து, முத்திரையை வைத்து, சுத்தியலை ஓங்குகிறாள்.

"யார் பேரைப் போடப்போறீங்க, மதாம்?"

"செத்தவர் பேரைத்தான். எனக்குன்னு தனி முத்திரையா இருக்கு?"

"பூ பூராவும் உங்க கைவேலை."

"சங்கத்துக்காரன் பூவையா பாக்குறான்? கவுத்துப்போட்டு அடியைத்தானே பாக்குறான்."

"அப்போ அதைத் தூக்கிப் போட்டுட்டு என்கூட வாங்க."

"வந்து? பசை காய்ச்சவா?"

"நீங்க காய்ச்ச வேணாம். கருக விட்ருவீங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கை சாய்ந்தது, அடி விழுந்தது.

நடுங்கவில்லை, கஸ்பார். சிரித்திருக்கிறாள்.

4

பாதி முத்திரையைச் சங்கம் ஏற்காது. இன்னொரு முறை அடித்தாக வேண்டும்.

முடிவு ஒன்று: அன்று மாலையே இருவரும் ஊரைவிட்டு—

முடிவு இரண்டு: ஓத்மார் தனியாகப் போனான். பெரின் அதற்குப் பிறகு—

எதையும் முடிக்க மனம் வரவில்லை. முதலாவதில் அவளுடைய பட்டறை போகிறது, இரண்டாவதில் அந்தச் சிரிப்பு. இரண்டில் எதை இழந்தாலும் எனக்கு வலிக்கிறது.

மேசையைப் பொறுத்தவரை அவள் இன்னும் அடிக்கவில்லை. பாதிப் பெயரின்மேல் முத்திரையை மறுபடி வைத்தபடி நிற்கிறாள். ஓத்மார் கதவருகே அவளுடைய மேலங்கியோடு நிற்கிறான். சுத்தியல் உங்கள் பக்கம் உருண்டு கிடக்கிறது. எடுத்துக் கொடுங்கள். மனம் வராவிட்டால் ஒளித்துவையுங்கள்.