ரெமிஜியஸின் காது

ரெமிஜியஸ் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் ஈஜிபுராவில் அவன் வீட்டு மாடிக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். தலையைக் காட்டிவிட்டு நழுவிவிடலாம் என்று பார்த்தான் இளங்கோவன். அதற்குள் ரெமிஜியஸின் மனைவி அல்போன்சா அவனைச் சொந்தக்காரர்கள் எதிரில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

"இவங்கதான் இளங்கோ அண்ணா. அவரோட ஸ்கூல்ல படிச்சவங்க. அவர் வேலைக்காக எவ்ளோ பேசினாங்க தெரியுமா? கம்பெனிலதான் மனசு வைக்கல."

இளங்கோவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

பத்தாவதில் ரெமிஜியஸ் கணக்கில் தேறவில்லை. ஆனால் பள்ளி ஃபாதரின் அம்பாசிடர் கார் கிளம்புகிற சத்தத்தை வகுப்பிலிருந்தே கேட்டு, "ரெண்டாவது பிளக் போச்சுடா" என்பான். போயிருக்கும். பிறகு அடுகோடி ஏரியாவில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கார் பழுது பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையும் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு, கிரீஸ் அப்பிய முகத்தோடு சந்தோஷமாக உட்கார்ந்திருப்பான். இளங்கோவன் டிப்ளமோ முடித்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்தான். கம்ப்யூட்டருக்கும் பிடிபடாத சத்தத்தோடு வண்டி வந்தால் பையன்களை டீக்கு அனுப்பிவிட்டு, ரெமிஜியஸுக்குப் போன் போட்டு, அதை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிப்பான்.

"கொஞ்சம் ரேஸ் பண்ணு... விடு. பெல்ட் பக்கத்து பேரிங் மச்சா. வேற எதையும் பிரிக்காத."

பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓடியது. இளங்கோவன் காதில் விழுந்தால் தப்பாது என்று மேலே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள், மேனேஜராகவும் ஆக்கினார்கள். ரெமிஜியஸ் பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. புது மாடல் எஞ்சினெல்லாம் கேட்கக் கிடைக்கிறதே என்று அவனுக்குக் குஷி.

கொட்டகை இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் கட்ட வந்தபோதுதான் முதல்முறையாகக் கேட்டான். போட்டோ ஒட்டிய அப்ளிகேஷனை நீட்டி, "ஹெல்பரா சேத்தாலும் போதும் மச்சா" என்றான். இளங்கோவன் அதை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினான். இவன் உள்ளே வந்தால் ஒரே வாரத்தில் அது யாருடைய காது என்று ஊருக்கே தெரிந்துவிடும். இரண்டு மாதம் கழித்து, "சர்டிபிகேட் இல்லாம எச்.ஆர்ல ஒத்துக்கல ரெமி" என்றான்.

"பரவால்ல. நீ கேட்டியே, அது போதும்."

அடுத்த வாரமே ஒரு வண்டிக்காகப் போன் செய்தபோதும் ரெமிஜியஸ் எடுத்தான். பொறுமையாகக் கேட்டுச் சொன்னான்.

அதன்பின் நடுவழியில் நின்றுபோகும் வண்டிகளைத் தேடிப் போய்ப் பழுது பார்த்துக் கொடுத்தான். ரிங் ரோட்டில் யாருடைய காருக்கோ அடியில் படுத்திருந்தபோது தண்ணீர் லாரி வந்து மோதியது.

"உக்காருங்க அங்கிள்." ரெமிஜியஸின் மகள் கேரல் இலை போட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நினைவு கார்டுல போட அப்பாவோட நல்ல போட்டோ இல்ல. உங்ககிட்ட குடுத்த அப்ளிகேஷன்ல ஒண்ணு ஒட்டியிருந்தாரு. அதைக் கேட்டு உங்க எச்.ஆருக்குப் போயிருந்தேன்."

இளங்கோவன் இலையின் ஓரத்தை நேராக்கினான்.

"அந்தப் பேர்ல எதுவுமே வரலன்னாங்க. ரெண்டு தடவ தேடிப் பாத்தாங்க, பாவம்."

"அது... எங்கயாவது ஃபைல் மாறி..."

"அம்மாகிட்ட சொல்லல. அவருக்காக ஒருத்தராவது பேசினாங்கன்னு நெனச்சிட்டிருக்காங்க. அது அப்டியே இருக்கட்டும்."

எழுந்துவிட நினைத்தான். அதற்குள் அல்போன்சா பிரியாணி வாளியோடு வந்துவிட்டாள். "என்னண்ணா, சும்மா உக்காந்துட்டிருக்கீங்க?" கரண்டியால் துழாவித் துழாவி, நல்ல துண்டாகப் பொறுக்கி அவன் இலையில் வைத்தாள். கேரல் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் முதல் வாய் எடுத்து வைப்பதற்காகக் காத்திருந்தாள்.