கரடியின் குரைப்பு

எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஜேசுதாஸ் தன் கிழிந்த பேன்ட்டைத் தூக்கிக் காட்டினார். "ஏம்மா செல்வமேரி, இதோட மூணாவது ஆளு. இன்னொரு தடவ உன்ற நாய் ஆரு மேலயாச்சும் பாஞ்சுதுன்னா தொரை துப்பாக்கிய எடுத்துருவாரு. அப்பறம் என்னைச் சொல்லிப் பிரயோசனமில்ல."

அவர் தலை மறைகிறவரை கரடி சங்கிலி அறுந்துவிடும்போல் குரைத்தது. நானும் விடவில்லை. "சும்மா இரு சனியனே!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினேன்.

கரடி எங்கள் நாயின் பெயர். உடம்பெல்லாம் கறுப்புச் சடை. அப்போது நாலு வருஷமாக எங்களோடு இருந்தது, எண்பத்தாறாம் வருஷம் தை மாதம் வரைக்கும் யாரையும் ஏனென்று கேட்டதில்லை. அந்தத் தையில் ஒரு நாள் குழந்தை லூர்துசெல்வியை வாசலை ஒட்டிக் கட்டிய தொட்டிலில் போட்டுவிட்டுக் குழாயடிக்குப் போயிருந்தேன். கரடி என் வீட்டுக்காரர் அருள்சாமியோடு காப்பிக் காட்டுக்குப் போயிருந்தது. நான் திரும்பி வரும்போது எவனோ ஒருவன் எங்கள் செப்புக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து ஓடினான். குடம் போனால் போகட்டும். தொட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இருந்திருக்காது.

அன்றிலிருந்து கரடியை வாசலிலேயே, தொட்டில் பார்வையில் படுகிற இடமாகப் பார்த்துக் கட்டினோம். அன்றிலிருந்துதான் இந்தக் குரைப்பும். தபால்காரர், விறகுக்காரி, பக்கத்துக் கூலி லைன் வீட்டுப் பிள்ளைகள், ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அடித்துப் பார்த்தோம். கருவாட்டுத் தலையைப் போட்டு வாயை அடைத்தோம். குரைத்தால் கருவாடு கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது. நாங்கள்தான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ரைட்டர் வந்து மிரட்டியது சனிக்கிழமை. விடிந்தால் சர்ச்சுச் சாமியார் வீடுகளை மந்திரிக்க வருகிறார். ஈஸ்டர் முடிந்ததும் லைன் லைனாக ஏறி இறங்கித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார். கூடவே தீர்த்தச் செம்பைத் தூக்கி வருகிறவர் வேறு யார், அதே ஜேசுதாஸ்தான்.

"பின்னால கொய்யா மரத்துல கட்டிப்போட்டுரு புள்ள" என்றார் அருள்சாமி.

"நாளைக்கிக் கட்டலாம். நாளான்னிக்கி?"

அவர் கரடியின் காதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அன்று பிற்பகல் பக்கத்து ஊர் செம்மநத்தத்திலிருந்து பழம் விற்க வரும் சின்னத்தாயி பலாப்பழக் கூடையோடு மேட்டில் ஏறி வந்தாள். கரடி எழுந்து ஒரே ஒரு சத்தம் கொடுத்தது. பிறகு வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"ஏனுங்கக்கா, உங்களப் பாத்தா மட்டும் இந்த முண்டம் கம்முனு கெடக்குதே, மருந்து ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?"

"போ கண்ணு, எனக்கென்ன தெரியும்" என்று சிரித்தாள்.

அவள் போனபிறகும் எனக்கு அது மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அவளுக்கு முந்தியே பழக்கமான பக்கத்து வீட்டு மரியபுஷ்பத்தைப் பார்த்துக்கூடக் குரைக்கிறதே! சின்னத்தாயிக்கு மட்டும் நான் என்ன செய்கிறேன்? தலைச்சுமையோடு ஒருத்தி வந்தால் எங்கள் பக்கம் யாரும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. எட்டிப் போய் இரண்டு கையாலும் கூடையைப் பிடித்து இறக்குவோம். மற்றவர்கள் வந்தால்? ஓடிப்போய்த் தொட்டில் கயிற்றைப் பிடிக்கிறேன். மூச்சை அடக்கிக்கொள்கிறேன். அப்புறம் கத்துகிறேன். கரடி வருகிறவர்களை எங்கே பார்த்தது? என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மரியபுஷ்பம் முறத்தைத் திருப்பித் தர வந்தாள். நாலடி எதிரே போய் முறத்தை வாங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். கரடி இரண்டு தடவை குரைத்து நிறுத்திக்கொண்டது. நம்பிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் வழி தெரியாத ஆள் ஒருவன் மஞ்சக்குட்டைக்கு எப்படிப் போவது என்று கேட்டு வந்து நின்றான். என் கை தானாகத் தொட்டில் கயிற்றுக்குப் போய்விட்டது. கரடி துள்ளிய துள்ளலில் அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அருள்சாமி மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்தார். கரடியைப் பின்பக்கம் கொண்டுபோகச் சங்கிலியை அப்போதுதான் அவிழ்த்திருந்தேன். மேட்டில் வெள்ளை அங்கியோடு சாமியார், பக்கத்தில் செம்போடு ஜேசுதாஸ்.

கரடியின் முதுகு மயிர் நட்டுக்கொண்டது. அது குரைத்த குரைப்பில் குழந்தை வீறிட்டது. சங்கிலி என் உள்ளங்கையைக் கிழித்தது. சாமியார் அப்படியே நின்றுவிட்டார். ஜேசுதாஸ் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இன்னொரு கையில் செம்பு சாய்ந்து தீர்த்தம் வழிந்தது.

இழுத்தால் கரடிக்கு இன்னும் வெறி ஏறும். மூன்று மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! என் மறு கையைப் பார்த்தேன். அது தொட்டில் கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது.

முதலில் கயிற்றை விட்டேன். கரடியைத் தாண்டி எதிரே நடந்தேன். இரவெல்லாம் யாரைச் சபித்துக்கொண்டிருந்தேனோ அந்த ஆளிடம்தான் போனேன். செம்பை வாங்க இரண்டு கையும் வேண்டும். மாதாவே என்று சங்கிலியையும் விட்டுவிட்டேன். அது கல்லில் விழுந்த சத்தத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

"தோத்திரம் சாமி. குடுங்கண்ணா, நான் வாங்கிக்கறேன். அந்தக் கல்லக் கீழ போட்டுருங்க."

செம்பு என் கைக்கு வந்ததும் அவர் கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சாமியாரின் அங்கிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். துப்பாக்கி பேசிய மனுஷன்! எனக்குப் பாவமாகிவிட்டது. "ஊட்டுக்குள்ள வாங்கண்ணா, ஒண்ணும் பண்ணாதுங்க" என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன், சொல்லும்போதே அடக்கி வைத்திருந்த மூச்சும் வெளியே வந்தது.

பின்னால் ஒரு குரைப்பு. இன்னொன்று, பாதியில் நின்றது. சங்கிலி தரையில் இழுபடும் சத்தம் கிட்டே வந்தது. கரடி ஜேசுதாஸின் பேன்ட்டு நுனியை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தொட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. சாமியார் தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கியபோது சடக்கென்று தலையைத் தூக்கியது. ஆனால் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. நான் தலையை அசைத்தேன். தலையைக் கீழே வைத்துக்கொண்டது.

"நான் தொரைகிட்டப் போகலம்மா" என்று சொல்லிவிட்டு ரைட்டர் படியிறங்கினார்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனதும் கரடியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூன்று மாதமாகக் குரை, குரை என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். சொன்ன பேச்சைக் கேட்டதற்காக அதைச் சுடக் கொடுக்க இருந்தேன்.