சந்தனம் பூசிய தகடு

"நேத்து வரைக்கும் டான்ஸ் ஆடிட்டிருந்த நம்பர், பூஜைக்கப்புறம் எப்படி அடங்கி நிக்குது பார்த்தீங்களா!" எங்கள் முதலாளி ரகுராம் விருந்தாளிகளிடம் திரையைக் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எண் ஆடத்தான் வேண்டும். எங்கள் குட்டிப் பயிற்சி விமானத்தின் மூக்கோரம் விரல் நீளத்துக்கு ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிர்க்காற்று இறக்கையில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதை, காற்றோடு திரும்பித் திரும்பி அதுதான் திரைக்கு எண்ணாகச் சொல்லும். கோணம் எல்லை மீறினால் இறக்கைக்குப் பிடி போய், விமானம் கல்லாய் விழும். இன்று அந்த எண்ணை நம்பி அந்த எல்லைவரை மூக்கைத் தூக்கிப் பார்க்கும் சோதனை. விமானி க்ளென் உள்ளே பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே நல்ல காற்று. என் துப்பட்டா பறக்கிறது, தகடு அசையவில்லை.

கிட்டே போய்ப் பார்த்தேன். நேற்று ஆயுத பூஜையில் ரகுராம் தன் கையாலேயே அப்பிய சந்தனம், குங்குமத்தோடு தகட்டின் அச்சில் ஓடாகக் காய்ந்திருந்தது. விமானப் பொறியியல் படித்த கை அது. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

"சார், இது ஒட்டிண்டிருக்கு. துடைக்கணும்."

"ஷ்! கெஸ்ட் முன்னாடியா? சுவாமிக்கு வெச்சதை யாராவது துடைப்பாளா? அவன் பறந்துட்டு இறங்கி வரட்டும், பாத்துக்கலாம்."

இறங்கி வரட்டுமாம். அருவருப்பில் என் வாய் கசந்தது. கைக்குட்டையை நனைத்து, அத்தனை பேர் முன்னாலும் அழுத்தித் தேய்த்தேன். தகடு விடுபட்டது. எண் பழையபடி ஆடத் தொடங்கியது.

"நல்லா இருந்ததை இந்தம்மா கெடுத்துட்டாங்களே" என்றார் ஒரு விருந்தாளி. ரகுராம் எனக்காக அவரிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

க்ளெனிடம் போனேன். "நம்பர் அசையலேன்னு நீ பாக்கலையா?"

"பார்த்தேன். சந்தனத்தையும் பார்த்தேன்."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கலே?"

அவன் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளினான். "நான் துடைச்சாலும் தப்பு, ஏறமாட்டேன்னாலும் தப்பு, ஸ்ரீவித்யா. பூஜை போட்டது இவனுக்குப் பிடிக்கலைம்பாங்க. காக்ஸ் டவுன் வீட்டுல அம்மா என்னை நம்பித்தான் இருக்காங்க."

"அதுக்காகச் சாகப் போனியா?"

அவன் பயந்துபோய் விருந்தாளிகள் பக்கம் பார்த்தான்.

"மெதுவா பேசு. அவங்க காதுல விழப்போகுது."