எண்ணெய்க்குப் பயந்தவர்

மறுநாள் காலையில் பித்தப்பை ஆபரேஷன். லாரி மெக்கானிக் அதற்கெல்லாம் அசரவில்லை. ஃபாதர் எண்ணெய்ச் சிமிழோடு வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் மனிதர் வெலவெலத்துப் போனார்.

“யார் இவரை வரச் சொன்னது? எனக்கு அவ்வளவு சீரியஸா? டாக்டர் எதையாவது மறைக்கிறாரா?”

“நான்தாங்க வரச் சொன்னேன்,” என்றாள் மனைவி. ஞாயிறுதோறும் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறவள். வேத வசனமெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு; வீட்டுக்காரரிடம் மட்டும் பருப்பு வேகாது. ஆனாலும் பயத்தோடு அவரைக் கத்திக்கு அனுப்ப அவளுக்கு மனசில்லை.

“அவஸ்தைப் பூசுதல்! சாகப்போறவங்களுக்குப் பூசுற எண்ணெய்! எங்கப்பாவுக்குச் சாயங்காலம் பூசினாங்க. விடியறதுக்குள்ள ஆள் போயிட்டாரு.”

“மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கிறப்போ கூப்பிட்டா எண்ணெய் என்னங்க பண்ணும்? கூப்பிட்டவங்க தாமதத்துக்கு எண்ணெய்மேல பழியா?” பைபிளைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். “யாக்கோபு எழுதினது, அஞ்சாம் அதிகாரம். நீங்களே படிங்க.”

மெக்கானிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒருவர் நோயுற்றால் சபையின் மூப்பர்களை அழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி வேண்டுவார்கள். ஆண்டவர் அவரை எழுப்பிவிடுவார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“சாகப்போறவன்னு எங்கயும் போடலையே?”

“போடலண்ணே,” என்று ஃபாதர் சிரித்தார். “நோயில் பூசுதல்னு பேரையே மாத்தியாச்சு. இன்னும் நம்ம சனங்க, சவப்பெட்டிக்கு அளவெடுக்க வந்தவனைப் பார்க்கிற மாதிரிதான் என்னைப் பார்க்கிறாங்க.”

“எங்கப்பாவுக்கு இதை யாராவது முன்னாடியே படிச்சுக் காட்டியிருக்கலாம்,” என்றார் மெக்கானிக். பிறகு கிரீஸ் ஏறிய நகங்களோடு இரண்டு கைகளையும் நீட்டினார். ஃபாதர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசி ஜெபித்துவிட்டுப் போனார்.

மெக்கானிக் தலையணையில் சாய்ந்து நிம்மதியாகக் கொட்டாவி விட்டார். அவள் போர்வையை இழுத்துவிடப் போனாள். விரல்கள் அவர் கையில் பட்டன.

“ஏய், கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

“பயமா இருக்குங்க.”

“இவ்வளவு நேரம் எனக்குப் பாடம் நடத்தினது யாரு?” எண்ணெய் காயாத உள்ளங்கைகளுக்கு நடுவே அவள் கையைப் பொத்திக்கொண்டார். “இப்ப நீ படி. நான் கேக்கிறேன்.”

படித்தாள். ஆண்டவர் எழுப்பிவிடுவார் என்ற இடத்துக்கு வருவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார். பிடித்த கையை மட்டும் விடவில்லை. அவளும் அதை இழுத்துக்கொள்ளவில்லை.