மணி மீட்டர் பார்க்கச் சாவி திருப்பியவன்

1

இந்தக் கதை ஒரு சின்னச் சத்தத்தில் பிறந்தது. 'டக்'. அவ்வளவுதான். விரல் சொடுக்கினால்கூட அதைவிடப் பலமாகக் கேட்கும். இன்று காலை கேட்டேன். இப்போது மாலை, கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன்.

"உங்களுக்கு நடந்ததை 'அவன்'னு எழுதிப் பாருங்க. தள்ளி நின்னாத்தான் முழுசாத் தெரியும்" என்றார் ஆசிரியை. சரி, அவன்.

முதல் தொடக்கம்: புல்வெளியின் மேல் பனி மெல்ல — (பனியே இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அவன் மிகக் கவனமான ஓட்டுநர் — (இதையும் அடித்துவிட்டேன். கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிகிறது. தெரியட்டும்.)

2

அவன் விளையாட்டு மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவன். உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டி. அதன் வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தாம்பாளம் போல ஓர் இரும்புக் கூடு, அதுதான் டெக். உள்ளே மூன்று பிளேடுகள், ஒரே பெல்ட்டில் பிணைந்தவை. ஒன்றைக் கையால் தள்ளினால் மற்ற இரண்டும் கூடவே சுற்றும்.

மெக்கானிக் அவனுடைய அக்கா கணவர். ஐம்பது மணி நேரம் ஓடியதும் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, கீழே நுழைந்து காய்ந்த புல்லைச் சுரண்டுவார், கிரீஸ் அடிப்பார், பிளேடுகளைக் கழற்றிச் சாணை பிடிப்பார். நுழையுமுன் இரண்டு வேலை உண்டு. சர்வீஸ் நோட்டைத் திறந்து கையெழுத்துப் போடுவார். வண்டிச் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டு, ஒருமுறை தட்டிக்கொள்வார்.

"சாவி பையில, உசிரு கையில. வேற என்னடா வேணும்?"*

* ஒருநாள் மாமா பையிலிருந்த சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அன்று புல் வெட்டவே முடியவில்லை. மறுநாளே அவன் மாற்றுச் சாவி செய்துகொண்டான். மாமாவுக்கு அது தெரியாது. (இதை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்ததற்கு மன்னியுங்கள்.)

3

இன்று காலை. மாமாவின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாப்ளே, நீ புல்லு வெட்டுறியா, சேறு குழைக்கிறியா? சிமென்ட்டு மாதிரி ஒட்டியிருக்கு."

"மழையில வெட்டச் சொன்னது யாரு மாமா?"

"வாய் மட்டும் அப்படியே உன் அக்கா."

அவன் நோட்டில் தேதி எழுதினான். அடுத்த கட்டம்: ஓடிய மணி. சாவியைப் பாதி திருப்பினால்தான் மீட்டரில் எண் வரும். ஒரு கட்டத்தை வெறுமையாக விட அவனால் முடியாது. அவன் அப்படிப்பட்டவன். (நான் அப்படிப்பட்டவன்.)

ஏறி உட்கார்ந்தான். மாற்றுச் சாவியைச் செருகினான். பாதி திருப்பினான்.

1412.

டக்.

பிளேடுகளை ஓடவைக்கும் பொத்தான் மேலே இழுத்தபடியே இருந்திருக்கிறது. சாவி திரும்பியதும் பிளேடுகளை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் கவ்விக்கொண்டது, அதன் சத்தம்தான். இனி இன்ஜின் சுற்றினால் பிளேடும் சுற்றும்.

சுரண்டும் சத்தம் நின்றது. மாமா ஊர்ந்து வெளியே வந்தார். பையைத் தொட்டார், சாவி இருந்தது. வண்டியைப் பார்த்தார், அங்கேயும் சாவி இருந்தது.

(மாமாவின் முகத்தைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதினேன். நான்கிலும் என் முகம்தான் வந்தது.)

4

எந்தக் கதையிலும் மாமா இங்கே அறைந்திருக்க வேண்டும். என் மாமா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடிடா. பேயறைஞ்ச மாதிரி நிக்கிற."

"மாமா, நான்..."

"ஒண்ணும் ஆகாது. பொத்தான் மேல இருந்தா இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது. தலைகீழா நின்னு திருப்பினாலும் ஆகாது. செஞ்சவன் என்ன முட்டாளா?" சிரித்தார். "நாளைக்கு பிளேடு கழட்டணும். நான் கீழ இருந்தாலும் நீ பாட்டுக்கு மணி பாத்துக்க. உன் அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத. நம்ம ரெண்டு பேரையும் சாணை பிடிச்சிருவா."

மறுபடி கீழே நுழைந்தார். வண்டியிலிருந்த சாவியைப் பிடுங்கக்கூட இல்லை. அவன்தான் பிடுங்கினான். அவர் வெளியே வரும்வரை அதை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே நின்றான்.

5

இனி 'அவன்' வேண்டாம். தள்ளி நின்றது போதும்.

பொத்தானைக் கீழே அழுத்தாமலே வண்டியை நிறுத்துவது என் பழக்கம். மறுபடி கிளப்பினால் கிளம்பாது. "ஓட்டத் தெரியாதவனே" என்று மைதானமே கேலி செய்தது. போன மாதம் இருக்கையைத் தூக்கி, இரண்டு கம்பிகளை நேராக இணைத்து, கறுப்பு டேப் சுற்றினேன். அன்றிலிருந்து பொத்தான் எப்படி இருந்தாலும் இன்ஜின் கிளம்பும்.

மாமா நம்பிப் படுத்திருந்த பாதுகாப்பு அங்கே இல்லவே இல்லை. இன்னும் ஒரு கால் சுற்று. என் விரல் இன்னும் ஒரு கால் சுற்றுத் திரும்பியிருந்தால் —

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.)

6

முடிவு அ: சொல்கிறேன். மாமா என்னை மன்னிக்கிறார். (மன்னிப்பாரா என்று தெரியாமல் எழுத எனக்கு என்ன உரிமை?)

முடிவு ஆ: விடியுமுன் போய்க் கம்பியைப் பிரித்துவிடுகிறேன். யாருக்கும் எதுவும் தெரியாது. (எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

முடிவு இ:

இந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். வாழ்க்கையில் நான் நிரப்பாமல் விடும் முதல் கட்டம்.

இந்தக் கதையை ஆசிரியையிடம் கொடுக்கப்போவதில்லை. இதை எழுதிக்கொண்டிருப்பதே சர்வீஸ் நோட்டில்தான், 1412க்கு அடுத்த பக்கத்தில். காலையில் கையெழுத்துப் போடத் திறப்பவர் ஒருவர்தான்.

மாமா, மாற்றுச் சாவியை இங்கேயே ஒட்டியிருக்கேன். வகுப்புக்கு வர்றதுக்கு முன்னாடி பேட்டரி கம்பியையும் கழட்டிட்டேன். கீழ போறதுக்கு முன்னாடி இருக்கையைத் தூக்கிப் பாருங்க. கறுப்பு டேப்.

நான் வண்டி ஷெட் கதவுக்கு வெளியதான் நிக்கிறேன். கூப்பிடுறதும் கூப்பிடாததும் உங்க இஷ்டம்.