அக்கா உடைத்த பட்டைகள்

கூடப்பிறந்த அக்காவே சோதனை மேசையில் உட்கார்ந்திருந்தால் தங்கச்சிக்கு எவ்வளவு சௌகரியம் என்று நினைப்பவர்கள் அந்த அக்காவைப் பார்த்ததில்லை. செல்போன் பாகங்கள் செய்யும் பெரிய கம்பெனியில், வந்து இறங்கும் பிளாஸ்டிக்கைச் சோதித்துத் தேர்வு செய்கிற வேலை அவளுக்கு. அங்கே அவளுக்குக் கறார் மேடம் என்று பெயர். தங்கச்சி வேலை பார்த்தது ஒரு சின்னத் தொழிற்சாலையில். பிளாஸ்டிக்கை உருக்கி அதில் கார்பன் கலப்பதால் அவள் கலவைக்காரி. வீட்டில் அக்கா மாடியில், தங்கச்சி கீழே, சாப்பாடு மட்டும் ஒன்றாக. அந்த நேரத்தில் பிளாஸ்டிக் பேச்சே எழக்கூடாது என்பது அக்கா போட்ட சட்டம்.

அக்காவின் கம்பெனிக்கு சர்க்யூட் போர்டுகளை அடுக்கி வைக்கத் தட்டுகள் வேண்டியிருந்தன. சாதாரண பிளாஸ்டிக்கில் மின்சாரம் தேங்கி நின்று, சின்னதாய் ஒரு பொறி பறந்தாலும் போர்டு காலி. தட்டு வழியாகவே மின்சாரம் மெல்லக் கசிந்து போய்விட வேண்டும், கீழே போட்டால் உடையவும் கூடாது. அதற்குத்தான் கார்பன் நானோ குழாய்கள். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லியவை என்றாலும் நம் கண்ணுக்கு வெறும் கரித்தூள். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு, சேர்ந்துகொண்டால் பிரியாது. சுடுதண்ணீரில் கொட்டிய மாவு மாதிரி உருகின பிளாஸ்டிக்குக்குள் கட்டி தட்டி உட்கார்ந்துகொள்ளும்.

சோதனைக்கென்று பட்டையாக வார்த்துக் கொண்டுபோன முதல் மாதிரி, அப்படிப்பட்ட ஒரு கட்டி இருந்த இடத்தில்தான் பட்டென்று உடைந்தது. “கட்டி இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றாள் அக்கா, யாரோ மூன்றாம் மனுஷியிடம் சொல்வது போல.

வந்த ஆத்திரத்தில் கலவைக்காரி இயந்திரத்தின் திருகை முழு வேகத்தில் ஓட்டிக் கலவையைப் பிழிந்து எடுத்தாள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரு புள்ளி கட்டி கிடையாது. தலை நிமிர்ந்து கொண்டுபோனாள். பட்டை உடையாமல் தாங்கியது, ஆனால் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும் மீட்டரின் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. போட்ட அடியில் கட்டிகளோடு குழாய்களும் துண்டு துண்டாகப் போயிருந்தன. ஒன்றின் முனை இன்னொன்றை எட்டாவிட்டால் மின்சாரம் எந்த வழியாகப் போகும்? அன்று அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டில் கேட்டே விட்டாள். “எங்க தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?”

“மத்த கம்பெனிக்காரங்களுக்குச் சொன்னேனா? பேசாம சாப்பிடு.”

இந்தத் தடவையும் தேறாவிட்டால் இயந்திரத்தை மறுபடி வாளி பிளாஸ்டிக் கலக்கவே விட்டுவிடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு வருஷ உழைப்பு வாளிக்குள் போவதா? கலவைக்காரி யோசித்து யோசித்து, முரட்டு வேலையையும் நிதானமான வேலையையும் பிரித்தாள். முதலில் கொஞ்சம் பிளாஸ்டிக்கில் நிறையக் கரியைப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்தாள். அந்தக் கெட்டியின் அழுத்தமே கட்டிகளை உடைத்தது, திருகை வெறிபிடித்தாற்போல் ஓட்டத் தேவையிருக்கவில்லை. பிறகு அதையே வெறும் பிளாஸ்டிக்கோடு சேர்த்து மெதுவாக, குழாய்கள் முறியாதபடி கலந்தாள். வார்த்த பட்டைகளை ஒரு பையில் போட்டு அக்காவின் மேசையில் வைத்தாள்.

அக்கா ஒரு பட்டையை உடைக்கும் கருவியில் பொருத்திப் பிடியை அழுத்தினாள். கருவியின் முள், தாங்க வேண்டிய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான் பட்டை உடைந்தது. உடைந்த வாயில் கட்டி இல்லை. மீட்டரை வைத்தாள், மின்சாரம் ஓடியது. இப்படியே ஐந்தும் தேறின. பக்கத்தில் நின்ற பிரிவுத் தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

“இருங்க சார், இன்னொரு அஞ்சு உடைக்கணும்” என்றாள் அக்கா.

கலவைக்காரிக்குச் சுரீரென்றது. “எல்லாருக்கும் அஞ்சு, எனக்கு மட்டும் பத்தா?”

“ஆமா, உனக்குப் பத்துதான். நீ என் தங்கச்சி. அக்கா தயவுல தேறிடுச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் வாயைத் திறந்தா, நீ ராப்பகலா செஞ்ச வேலைக்கு என்னடி மரியாதை? அந்தப் பேச்சை நான் வர விடமாட்டேன்.”

இவ்வளவு நாளும் இவள் தன்னை மட்டம் தட்டுகிறாள் என்றல்லவா கலவைக்காரி மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள்! சட்டென்று பையைத் தூக்கி, இருந்த பட்டைகள் அத்தனையையும் மேசைமேல் கவிழ்த்தாள்.

“அஞ்சு எதுக்குக்கா? ஒண்ணு விடாம உடை.”

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு பட்டையும் கோட்டைத் தாண்டிய பிறகே உடைந்தது, ஒவ்வொன்றுக்கும் மீட்டர் பதில் சொன்னது. பாதியில் அக்காவுக்குத் தோள் கடுத்தது. ஒருவர் கைமாற்ற வந்தார், அவள் விடவில்லை. கடைசிப் பட்டையும் உடைந்தபோது மேசை முழுக்கக் கறுப்புத் துண்டுகள்.

“இன்னும் சந்தேகம் இருக்கா மேடம்?” என்று தலைவர் சிரித்தார்.

“எனக்கு இல்ல சார்.” அக்கா எழுந்து, கரி படிந்த கையால் தங்கச்சியின் தோளைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் இழுத்து நிறுத்தினாள். “வேற யாருக்காவது இருந்தா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. இது என் தங்கச்சி செஞ்சது.”